பச்சை பெயின்ட்டுக்கு விலை கொடுக்காதீங்க!
பழைய மிலிட்டரி ஜீப் வாங்குவதற்கு முன்...

வத்தலக்குண்டில் ஒரு பட்டறை வாசலில் நின்றது அந்த ஜீப். அடர் பச்சை பெயின்ட், பானெட்டில் வெள்ளை நட்சத்திரம், பின்பக்கம் ஸ்டெப்னி டயர், பக்கவாட்டில் கடப்பாரையும் மண்வெட்டியும் மாட்டும் கொக்கி. விலை 2,80,000 ரூபாய். "ராணுவ ஏலத்துல நேரா எடுத்த வண்டி. இந்த மாதிரி இரும்பு இனி கிடைக்காது" என்றார் புரோக்கர். தாண்டிக்குடிப் பக்கம் மூன்றரை ஏக்கரில் காபி, மிளகு, மலைவாழை வைத்திருக்கும் விவசாயி ஒருவர், பார்த்த மாத்திரத்தில் 10,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார்.

அவருக்கு ஜீப் வேண்டும் என்பதில் தவறே இல்லை. தோட்டம் தார்ச்சாலையிலிருந்து 4 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. மழைக்காலத்தில் பிக்கப் வண்டி பாதி வழியிலேயே நின்றுவிடும். அதற்குமேல் வாழைத்தாரைத் தலைச்சுமையாகவோ குதிரையிலோதான் கொண்டுவர வேண்டும். கூலி கொடுத்து மாளவில்லை. மிளகு விற்ற பணம் ஒன்றரை லட்சம் கையில் இருந்தது. மீதிக்கு நகைக்கடன் வைப்பதாகத் திட்டம். விஷயத்தைக் கேட்ட அவருடைய மனைவி, வண்டியைப் பற்றி ஒன்றுமே விசாரிக்கவில்லை. "புக்கு யாரு பேர்ல இருக்கு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு இவரிடம் பதில் இல்லை.

மறுநாள், 40 வருடமாக மலையில் ஜீப் வேலை மட்டுமே பார்த்துவரும் மெக்கானிக் ஒருவரை அழைத்துக்கொண்டு மீண்டும் வத்தலக்குண்டுக்கு இறங்கினார். மலைத்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் 'மிலிட்டரி ஜீப் வாங்கலாமா, என்ன விலை கொடுக்கலாம்?' என்ற கேள்விக்கு, அந்த ஒரு நாளில் நடந்ததே பாதி பதிலைச் சொல்லிவிடும்.

எது மிலிட்டரி ஜீப்?

பச்சையாக இருப்பதெல்லாம் மிலிட்டரி ஜீப் இல்லை. இதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும். சந்தையில் அந்தப் பெயரில் வருபவை பெரும்பாலும் நான்கு வகை.

முதல் வகை, இரண்டாம் உலகப்போர் காலத்து நிஜமான ஜீப். அமெரிக்காவில் வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு கம்பெனிகளும் ஒரே வரைபடத்தை வைத்து 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகளைச் செய்தன. போர் முடிந்ததும் அவற்றில் கொஞ்சம் இந்தியாவிலேயே தங்கிவிட்டன. இன்று அபூர்வம்.

இரண்டாவது, மஹிந்திரா செய்தவை. 1947-ல் வில்லிஸ் ஜீப்பைக் கொண்டுவந்து பம்பாயில் பூட்ட ஆரம்பித்த கம்பெனி, பிறகு 'சி.ஜே.3பி' என்ற உயரமான பானெட் கொண்ட ஜீப்பைப் பல பத்தாண்டுகள் இங்கேயே தயாரித்தது. ராணுவமும் வாங்கியது, போலீஸ், வனத்துறை, பஞ்சாயத்து யூனியன், எஸ்டேட் என்று எல்லோரும் வாங்கினார்கள். நம் பக்கம் 'மிலிட்டரி ஜீப்' என்று விற்கப்படுவதில் பெரும்பங்கு இதுதான்.

மூன்றாவது, 'ஜோங்கா'. நிசான் கம்பெனியின் வடிவத்தை வைத்து ஜபல்பூர் ராணுவ வாகனத் தொழிற்சாலையில் செய்தது. 6 சிலிண்டர், 3,956 சி.சி. பெட்ரோல் இன்ஜின். யானைக்குத் தீனி போடுவதுபோல பெட்ரோல் ஊற்ற வேண்டும். அதனாலேயே பலர் டீசல் இன்ஜினை மாற்றி வைத்திருப்பார்கள். 1999-க்குப் பிறகு தயாரிப்பு இல்லை. பாகம் தேடி அலைய வேண்டும். நான்காவது, மாருதி ஜிப்ஸி. எடை குறைவு, பாகம் கிடைக்கும். ஆனால், பின்னால் சுமை ஏற்றும் தோட்ட வேலைக்கு அவ்வளவு தோதான வண்டி இல்லை.

வத்தலக்குண்டு ஜீப் இரண்டாவது ரகம். பானெட்டில் இருந்த வெள்ளை நட்சத்திரத்தைப் பார்த்ததுமே மெக்கானிக் சிரித்துவிட்டார். அது அந்தக் காலத்து அமெரிக்க ராணுவத்தின் அடையாளம். நம் ராணுவ வண்டிக்கு நம்பர் பலகைதான் அடையாளம். அதில் மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று இருக்கும். அதை ஒட்டி வரும் இரண்டு எண்கள் வண்டி வாங்கப்பட்ட ஆண்டு. 87 என்றிருந்தால் 1987.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ராணுவத்துக்குச் சொந்தமான வாகனங்களைத் தவிர வேறு எந்த வாகனத்துக்கும் ஆலிவ் பச்சை பெயின்ட் அடிக்கக் கூடாது என்று மத்திய மோட்டார் வாகன விதி 121 சொல்கிறது. உண்மையான ராணுவ ஜீப்பாகவே இருந்தாலும், ஏலத்தில் எடுத்தவர் நிறத்தை மாற்றித்தான் பதிவுக்குக் கொண்டுபோக வேண்டும். ஆகவே, பளபளவென்று புதுப் பச்சையில் நிற்கும் ஜீப், அந்தப் பச்சையாலேயே ஒரு சிக்கலைச் சுமந்துகொண்டு நிற்கிறது. அதற்குப்போய் 30,000, 40,000 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

ராணுவத்திலிருந்து ஊருக்கு வரும் வழி

ராணுவம் கழித்துவிடும் வாகனங்கள் டெப்போக்களில் நிறுத்தப்பட்டு, மத்திய அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. போன்றவற்றின் இணைய ஏலத்தில் விற்கப்படுகின்றன. 'உள்ளது உள்ளபடி, இருக்கும் இடத்தில்' என்பதுதான் நிபந்தனை. இன்ஜின் ஓடாவிட்டாலும், கியர் பாக்ஸே இல்லாவிட்டாலும் பின்னால் யாரிடமும் கேட்க முடியாது. ஒரு வண்டியாக இல்லாமல் பல வண்டிகளை ஒரே கட்டாகவும் விற்பார்கள். ஏலத்தொகைக்கு மேல் வரி தனி. லாரி வாடகை தனி. அதனால்தான் பெரும்பாலும் பழைய இரும்பு வியாபாரிகளே ஏலம் எடுக்கிறார்கள். சிறு விவசாயி அந்தப் பக்கம் போவதில்லை, போகவும் தேவையில்லை.

ராணுவத்தில் இருக்கும்வரை வண்டிக்கு நம் ஊர் ஆர்.டி.ஓ. பதிவு கிடையாது. பாதுகாப்புப் பணியிலிருந்து வெளியே வந்த பிறகு, சாதாரண வண்டிபோல புதிதாகப் பதிவு செய்தே சாலையில் ஓட்ட வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 60-ம் பிரிவு. அந்தப் பதிவுக்கு, ஏலத்தில் விற்றதற்கான ஆணை, டெப்போவிலிருந்து வண்டியை விடுவித்த கடிதம், அதில் சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர் எல்லாம் வேண்டும். 'உடைப்பதற்கு மட்டும்' என்று விற்கப்பட்ட வண்டிக்கு இந்த வழியே கிடையாது. அதை எவ்வளவு அழகாகப் பூட்டி ஓட வைத்தாலும் சாலையைப் பொறுத்தவரை அது இரும்புக் குவியல்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் இன்னொரு மாற்றமும் வந்திருக்கிறது. 15 ஆண்டுகளைத் தாண்டிய மத்திய, மாநில அரசு வாகனங்களின் பதிவு இனி புதுப்பிக்கப்படாது. அவை பதிவு பெற்ற வாகன உடைப்பு மையங்களுக்குத்தான் போக வேண்டும். நாட்டின் பாதுகாப்பு, சட்டம் ஒழுங்கு போன்ற பணிகளில் இருக்கும் சிறப்பு வாகனங்களுக்கு மட்டும் விலக்கு. எனவே, "போன மாசம்தான் மிலிட்டரி ஏலத்துல எடுத்தேன்" என்று ஒருவர் 30 வருடப் பழைய ஜீப்பைக் காட்டினால், முதலில் ஏலக் கடிதத்தைக் கேட்க வேண்டும். கடிதம் வீட்டில் இருக்கிறது, கூட்டாளியிடம் இருக்கிறது, டெல்லியில் இருக்கிறது என்றால் வண்டியும் அங்கேயே இருக்கட்டும்.

புக்கு சொன்ன கதை

வத்தலக்குண்டில் மெக்கானிக் முதலில் இன்ஜினைத் தொடவே இல்லை. "புக்கை எடுங்க தம்பி" என்றார். புரோக்கர் நீட்டியது லேமினேஷன் செய்த ஜெராக்ஸ். வண்டி முதன்முதலில் பதிவான ஆண்டு 1979. பதிவு செய்தவர் ஒரு கான்ட்ராக்டர். அதாவது, அந்த ஜீப் ராணுவத்தில் ஒரு நாள்கூட இருந்ததில்லை!

அத்தோடு முடியவில்லை. கடைசி உரிமையாளர் இறந்து ஆறு வருடம் ஆகிவிட்டது. தனியார் வாகனப் பதிவு முதல் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். இந்த வண்டிக்கு 2014-லேயே பதிவு முடிந்துவிட்டது. எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்' என்று இருந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே டிராக்டர் போல டகடகவென்று அடிக்கும் இன்டர்நேஷனல் டீசல் இன்ஜின்.

ஒவ்வொன்றுக்கும் வழி இருக்கிறது. ஆனால், ஒவ்வொரு வழிக்கும் ஒரு விலை இருக்கிறது. உரிமையாளர் இறந்திருந்தால், வாரிசுச் சான்றோடு படிவம் 31 கொடுத்து வாரிசு பெயருக்கு மாற்றிய பிறகே அடுத்தவருக்கு விற்க முடியும். அதற்கு வாரிசுகள் அனைவரும் ஒத்துவர வேண்டும். சாதாரண விற்பனை என்றால் படிவம் 29, 30. வேறு மாநில வண்டி என்றால் அந்த ஊர் ஆர்.டி.ஓ.விடம் என்.ஓ.சி. வாங்கி வந்து, இங்கே வரியும் கட்ட வேண்டும். 15 ஆண்டு தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022-ல் 5,000 ரூபாயாக உயர்ந்தது. 20 ஆண்டு தாண்டியவற்றுக்கு 2025-ல் 10,000 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். தவணை தப்பிய காலத்துக்கு அபராதம் தனி.

இன்ஜின் மாற்றம்தான் பெரிய முள். ஆர்.டி.ஓ. அனுமதி பெற்று, புக்கில் ஏற்றாத இன்ஜின் செல்லாது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியின் அடிப்படையை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்திருக்கிறது. முந்தைய உரிமையாளர் அந்தக் காலத்திலேயே முறையாக டீசலுக்கு மாற்றிப் பதிந்திருந்தால் பயமில்லை. இல்லையென்றால், புதுப்பிக்கப் போகும் அன்று பிரேக் இன்ஸ்பெக்டர் பானெட்டைத் திறப்பதோடு கதை முடிந்துவிடும்.

அரியானாவின் டப்வாலி, ஜீப் கட்டுவதற்குப் பெயர் போன ஊர். புதுத் தகடு, புது பாடி, யாருடையதோ ஒரு பழைய புக்கு என்று வடக்கே இருந்து வரும் ஜீப்புகளும் உண்டு. பார்வைக்குக் கண்ணைப் பறிக்கும். இதற்குத்தான் சேசிஸ் நம்பரைப் பார்ப்பது. மண்ணெண்ணெயும் கம்பி பிரஷ்ஷும் போட்டு சேசிஸைத் தேய்த்தால் நம்பர் தெரியும். அதன்மேல் வெள்ளைத்தாள் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ள வேண்டும். எண்களைச் சுற்றி அரம் போட்ட தடமோ, வெல்டிங் தழும்போ இருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். அந்த நம்பரும், 'எம்பரிவாஹன்' செயலியில் வரும் விவரமும், புக்கும் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய கையெழுத்துப் புத்தகங்கள் கம்ப்யூட்டரில் ஏறாமலே இருப்பதும் உண்டு. அப்படியென்றால் பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கே ஒரு நடை போய்வருவது நல்லது.

வாத்தியார் சொல்லித் தராத ஃபோர் வீல் பரீட்சை

"வந்ததுக்கு இரும்பையும் பார்த்துட்டுப் போவோம்ணே" என்று விவசாயி கேட்க, மெக்கானிக் வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் பார்த்த விதம் மலைத்தோட்டக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

முதலில் ரேடியேட்டரில் கை வைத்தார். சூடாக இருந்தது. வாங்குபவர் வருவதற்கு முன்பே இன்ஜினை ஓடவிட்டுச் சூடாக்கி வைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பழைய இன்ஜினின் குணம், விடிகாலைக் குளிரில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். ஓடும் இன்ஜினில் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார். குப்குப்பென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் அடியில் பால் டீ நிறத்தில் குழம்பு ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலக்கிறது. இங்கே புகை கொஞ்சம் இருந்தது. டீ இல்லை.

அடுத்து, ஜாக்கி போட்டு முன் சக்கரம் ஒன்றை மட்டும் தூக்கினார். மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, இன்ஜினை நிறுத்திவிட்டார். சாதாரண நிலையில் அந்தச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சுற்றும். பிறகு, ஃபோர் வீல் கம்பியைப் போட்டுவிட்டுச் சுற்றினால், சுற்றவே கூடாது, பூட்டிக்கொள்ள வேண்டும். இங்கே சுகமாகச் சுற்றியது. குனிந்து பார்த்தால், முன்பக்க புரொப்பல்லர் ஷாஃப்ட்டையே காணோம்! ஃபோர் வீல் கம்பி மட்டும் அழகுக்கு நின்றுகொண்டிருந்தது. சமவெளியில் ஓட்டியவர்கள் டீசலை மிச்சப்படுத்துகிறோம் என்று கழற்றிப் போட்டுவிடுவது வழக்கம்தான். ஆனால், சேற்றுப் பாதைக்காக ஜீப் வாங்குகிறவருக்கு அதுதானே உயிர்? (ஹப்பில் திருகு வைத்த வண்டியாக இருந்தால், 'லாக்' நிலையில் வைத்த பிறகே இந்தப் பரீட்சையைச் செய்ய வேண்டும்.)

தூக்கிய சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆட்டம் கொடுத்தால் கிங் பின் பேரிங்கோ, வீல் பேரிங்கோ போயிருக்கிறது. சக்கரத்துக்குப் பின்னால் உருண்டையாக இருக்கும் இரும்புக் குண்டில் ஆயில் வழிந்து மண் அப்பியிருந்தால் சீல் போச்சு.

பிரேக் பெடலை அழுத்தி ஒரு நிமிடம் காலை எடுக்காமல் வைத்திருந்தார். பெடல் மெதுவாகக் கீழே இறங்கியது. எங்கோ கசிகிறது. இந்தப் பழைய ஜீப்புகளில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன்தான். ஒரு பைப் வெடித்தால் நான்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக்கும் சக்கரத்தில் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கியர் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும் டிரம்மில் பிடிக்கும். அந்தப் பெட்டியில் சீல் போய் ஆயில் வழிந்தால், ஹேண்ட் பிரேக்கும் வழுக்கும். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும் வண்டிக்கு இது விளையாட்டில்லை.

கடைசியாக, சின்னச் சுத்தியலால் சேசிஸ் நெடுகத் தட்டிக்கொண்டே போனார். 'டங்' என்ற நல்ல சத்தம் பின் பட்டைக் கொக்கி அருகே 'டொப்' என்று மாறியது. அந்த இடத்தில் தகடு வைத்து வெல்டிங் செய்து, மேலே தார் பூசியிருந்தார்கள். டிரைவர் காலடித் தரையில் விரித்திருந்த ரப்பர் பாயைத் தூக்கினால் கீழே சாலை தெரிந்தது.

பெட்ரோல் ஜீப் பார்க்கிறவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவிகிதம் எத்தனால் கலக்கிறார்கள். பழைய கார்புரேட்டர், பெட்ரோல் பம்பில் இருக்கும் ரப்பர் பாகங்கள் இதில் ஊறி கெட்டுவிடும். ஹோஸ், டயாப்ரம் எல்லாவற்றையும் மாற்றுவதற்கு ஒரு தொகை ஒதுக்க வேண்டும்.

விலை போடும் கணக்கு

டீக்கடையில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் பின்பக்கம் மெக்கானிக் போட்ட கணக்கு இது. பிரேக் முழுவதும் மாற்ற 18,000. ஐந்து டயர் 30,000. தரைத் தகடு, டிங்கரிங் 25,000. முன்பக்க ஷாஃப்ட், கிராஸ், சீல் எல்லாம் சேர்த்து 22,000. ஆக 95,000 ரூபாய். ஆர்.டி.ஓ. செலவு, இன்ஷூரன்ஸ் என்று குறைந்தது 25,000. மொத்தம் 1,20,000.

"உங்க பக்கத்துல, புக்கு சுத்தமா, ஃபோர் வீல் இழுத்து, நாளைக்கே லோடு ஏத்துற மாதிரி ஒரு ஜீப்பு என்ன விலை போகுது தம்பி?"

"மூணு லட்சம்ணே."

"அதுல இதைக் கழி."

1,80,000. அதுவும், புக்கு சரியாகும் என்றால்தான். வண்டி பட்டறையில் நிற்கும் இரண்டு மாதத்துக்கு வாழைத்தார் கூலியையும் கழித்தால் இன்னும் இறங்கும். புக்கு சரியாகாது என்றால்? ஜீப்பின் எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். பழைய இரும்புக்கடையில் கிலோவுக்கு என்ன கொடுப்பார்களோ அதுதான் விலை. மிஞ்சிப்போனால் நல்ல ஆக்ஸிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனியாகக் கொஞ்சம் கிடைக்கும்.

விற்பவர் சொல்லும் தொகையிலிருந்து பேரம் பேசிக் கீழே இறங்குவது ஒரு முறை. இப்படி நல்ல வண்டியின் விலையிலிருந்து கழித்துக்கொண்டு வருவது இன்னொரு முறை. முதல் முறையில் 2,80,000-ஐ 2,40,000 ஆக்கிவிட்டால் ஜெயித்ததுபோல இருக்கும். உண்மையில் 60,000 ரூபாய் நஷ்டம்.

தாத்தா ஜீப் கொட்டகையில் இருக்கிறதா?

இதற்கு நேர் எதிரான ஏமாற்றமும் கிராமங்களில் நடக்கிறது. எஸ்டேட் கொட்டகையில், மில் பின்புறத்தில், கோழி அடையும் இடமாகக் கிடக்கும் பழைய ஜீப்பை, 'இரும்பு விலைக்கு எடுத்துக்கிறேன்' என்று ஒருவர் வந்து தூக்கிக்கொண்டு போவார். அது போர்க்காலத்து வில்லிஸாகவோ ஃபோர்டாகவோ இருந்தால், சேகரிப்பாளர்களிடம் அதன் விலையே வேறு.

கண்டுபிடிப்பது கஷ்டம் இல்லை. முன்பக்கத்தில் செங்குத்தாக எத்தனை இடைவெளி என்று எண்ணிப் பார்க்க வேண்டும். போர்க்கால ஜீப்பில் ஒன்பது. போருக்குப் பிறகு பொதுமக்களுக்குச் செய்த ஜீப்பில் ஏழு. போர்க்கால ஜீப்பின் பின்பக்கத்தில் திறந்து மூடும் கதவு கிடையாது. ஸ்டெப்னியும் பின்னாலேயே இருக்கும். பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு அடியில். ரேடியேட்டருக்குக் கீழே குறுக்காகப் போகும் சேசிஸ் சட்டம் உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லிஸ். கவிழ்த்து வைத்த வாய்க்கால் மாதிரி இருந்தால் ஃபோர்டு. ஃபோர்டு ஜீப்பில் போல்ட் தலையில்கூட ஆங்கில 'எஃப்' எழுத்து அடித்திருப்பார்கள். டேஷ்போர்டில் பித்தளைத் தகடோ, துத்தநாகத் தகடோ இருந்தால் அதைச் சுரண்டாமல், பாலிஷ் போடாமல் அப்படியே விட வேண்டும். மகன் ஆசைப்பட்டான் என்று டீசல் இன்ஜின் வைத்து, பெரிய டயர் மாட்டினால் அந்த மதிப்பு போய்விடும்.

50 ஆண்டு தாண்டிய, அசல் வடிவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் தனிப் பதிவு முறை வந்தது. நம்பரில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டுகளுக்குச் செல்லும். ஆனால், அந்தப் பதிவில் வண்டியைத் தினசரி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ சாலையில் ஓட்டக் கூடாது. கண்காட்சிக்குத்தான் சரி; வாழைத்தார் ஏற்ற உதவாது.

அப்படிப் பழைய ஜீப்பை விற்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. பணத்தை வாங்கிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட வெற்றுப் படிவத்தைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். பெயர் மாறாதவரை, விபத்து நடந்தால் புக்கில் பெயர் இருப்பவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விற்றதை 14 நாள்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும்.

காட்டுக்குள்ள ஓட்டுறதுக்கு எதுக்கு இன்ஷூரன்ஸ்?

"நம்ம தோட்டத்துக்குள்ளதானே ஓட்டப்போறோம், புக்கு எதுக்கு, இன்ஷூரன்ஸ் எதுக்கு?" என்று புரோக்கர் கடைசியாக ஓர் அஸ்திரம் எறிந்தார். மலையில் இது அடிக்கடி காதில் விழும் பேச்சு. ஆனால், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் நடுவே பஞ்சாயத்துச் சாலை ஒன்று இருக்கத்தான் செய்யும். காபிப் பழம் பறிக்கும் நாளில் வேலையாள்களும் பின்னால் ஏறத்தான் செய்வார்கள்.

பதிவு இல்லாத வண்டிக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காது. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டியால் ஓர் உயிர் போனால், நஷ்டஈடு முழுவதையும் உரிமையாளரே கட்ட வேண்டும். கட்டாவிட்டால், நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோல கலெக்டர் மூலம் வசூலிக்கலாம் என்கிறது சட்டத்தின் 174-ம் பிரிவு. அதாவது, கை வைக்கும் இடம் நிலம். மூன்றரை ஏக்கர்காரருக்கு அதற்குமேல் சொல்லத் தேவையில்லை.

1,500 சி.சி.க்கு மேற்பட்ட தனியார் காருக்கு 2022-ல் நிர்ணயித்த ஓராண்டு தேர்டு பார்ட்டி அடிப்படைப் பிரீமியம் 7,897 ரூபாய். இந்தப் பாலிசியும் பொதுவாகச் சாலையில் போகிற மூன்றாம் நபருக்குத்தான். ஜீப்புக்குள் உட்கார்ந்து வருகிற வேலையாள்களுக்கு இல்லை. அவர்களை ஏற்றுவதென்றால் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் கேட்டு, அதற்கான கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்து எடுக்க வேண்டும். புக்கில் போட்டிருக்கும் சீட்டு எண்ணிக்கைக்கு மேல் ஏற்றவும் கூடாது. தேனியிலிருந்து இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு ஆள்களை அடைத்துக்கொண்டு போகும் ஜீப்புகள் கவிழ்ந்த செய்திகளைப் படிக்காதவர்கள் இந்தப் பக்கம் யாரும் இல்லை.

அட்வான்ஸ் 10,000 ரூபாயில் 7,000-தான் திரும்பக் கிடைத்தது. "மூவாயிரத்தோட போச்சேன்னு இரு" என்றார் மெக்கானிக்.

இரண்டு மாதம் கழித்து, பண்ணைக்காடு பக்கம் ஓர் எஸ்டேட்டில் 'எம்.எம்.540' ஜீப் ஒன்று இருப்பதாக அவரே தகவல் சொன்னார். வெளுத்துப்போன வெள்ளை நிறம். கதவுக்குப் பதில் கயிறு. ஆனால் 1993-ல் பதிவானது, ஒரே உரிமையாளர், கம்பெனியிலிருந்தே டீசல், 2028 வரை பதிவு புதுப்பிக்கப்பட்டிருந்தது. சேசிஸில் எங்கே தட்டினாலும் 'டங்'. முன்பக்க ஷாஃப்ட் இதிலும் இல்லை. கேட்டதற்கு, எஸ்டேட் ரைட்டர் குடோனுக்குள் போய், சாக்கில் சுற்றி கிரீஸ் தடவி வைத்திருந்த ஷாஃப்ட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். விலை 2,10,000-க்கு முடிந்தது. நகைக்கடன் 60,000 ரூபாயோடு நின்றது.

ஷாஃப்ட்டை மாட்ட ஒரு நாள், பிரேக்குக்கு இரண்டு நாள். ஐப்பசி மழையில் முதல் நடை, 32 வாழைத்தார்களோடு ஃபோர் வீல் போட்டு மேலேறி வந்தது. பெயர் மாற்றிய புக்கு தபாலில் வந்ததும், விவசாயியின் மனைவி அதை வாங்கிப் பெயரையும் சேசிஸ் நம்பரையும் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, பட்டா இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. மகன் பச்சை வேண்டும் என்கிறானாம்.